இரவல் ஆப்கள் ஒரு போனைக் காப்பாற்றுமா?



உங்கள் வீட்டு மேசை டிராயரைத் திறந்து பாருங்கள். பழைய சார்ஜர், அறுந்த ஹெட்போன், காலாவதியான ரேஷன் கார்டு இவற்றுக்கு நடுவே ஒரு பழைய போனும் கிடக்கும். பல வீடுகளில் அது நோக்கியா லூமியா. மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பளிச்சென்ற முதுகு. சார்ஜ் போட்டால் இன்றைக்கும் அவற்றில் பல உயிர் பெறும். ஆனால் யாரும் தொடுவதில்லை. ஏனென்றால் அதில் வாட்ஸ்அப் ஓடாது, பேங்க் ஆப் இல்லை, ஜிபே இல்லை.

போன் கெட்டுப்போகவில்லை. ஆப்கள் போய்விட்டன, அவ்வளவுதான். உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள், நன்றாக இருக்கும்போதே பயனில்லாமல் போவது சாதாரண விஷயமா? கடையில் விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கியவரும் ஏமாளி இல்லை. அப்படியானால் என்ன நடந்தது?

இதைப் பற்றி இந்த இதழில் பேச ஒரு காரணம் உண்டு. ஆண்ட்ராய்டும் ஐபோனும் மட்டும்தானா, மூன்றாவதாக ஒன்று வரக்கூடாதா என்ற ஆசை உலகம் முழுக்க இருக்கிறது. நம் நாட்டிலும் இருக்கிறது. புதிதாக ஒரு சிஸ்டம் வரும்போதெல்லாம் கூடவே ஒரு வாக்குறுதியும் வருகிறது: “கவலைப்படாதீங்க, இதுல ஆண்ட்ராய்டு ஆப்பும் ஓடும்.” அந்த வாக்குறுதிக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். போட்டியாளரின் ஆப்களைக் கொண்டுவந்து ஓட வைப்பது கொஞ்ச காலத்துக்குக் கை கொடுக்கும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த போனை வாங்க மக்களுக்கு வேறொரு சொந்தக் காரணம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் இரவல் ஆப் எதையும் காப்பாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்பதைச் சொல்கிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

லூமியாவிலிருந்தே தொடங்குவோம்.

2011 பிப்ரவரியில் நோக்கியாவின் ஸ்டீஃபன் ஈலாப்பும் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மரும் லண்டனில் ஒரே மேடையில் நின்று கூட்டணி அறிவித்தார்கள். இனி நோக்கியாவின் ஸ்மார்ட்போன்களில் விண்டோஸ் என்றார்கள். நமக்கு நோக்கியா வெறும் பிராண்ட் இல்லை. 2006-ல் திறந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும் இளம்பெண்களைப் பார்த்தவர்கள் நம்மில் பலர்.

2013-ல் லூமியா 520 இந்தியாவுக்கு வந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய். வெறும் 512 எம்பி ராம். அதே விலையில் கிடைத்த ஆண்ட்ராய்டு போன்கள் திக்கித் திணறிக்கொண்டிருந்த காலத்தில் இது வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் ஸ்மார்ட்போனாக அதை வாங்கிய வயதானவர்களுக்கு அந்தப் பெரிய கட்டங்கள் பிடித்திருந்தன. எழுத்து பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது. உலகம் முழுக்க அதிகம் விற்ற விண்டோஸ் போன் அதுதான்.

குறை ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகள் கேட்ட ஆப் அதில் இல்லை, அல்லது தாமதமாக வந்தது. இன்ஸ்டாகிராம் ஐபோனில் 2010-ல், ஆண்ட்ராய்டில் 2012-ல் வந்தது. விண்டோஸ் போனுக்கு வர 2013 நவம்பர் ஆனது, அதுவும் ‘பீட்டா’ என்ற முத்திரையோடு. யூடியூபுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு ஆப் எழுதியது. விளம்பரம் காட்டவில்லை என்று கூகுள் ஆட்சேபித்தது. திருத்திக் கொடுத்த ஆப்பும் முடக்கப்பட்டது. கடைசியில் அந்த ஐகானைத் தொட்டால் யூடியூபின் இணையப் பக்கம் திறந்தது, அவ்வளவே. ஃபேஸ்புக் ஆப்பைக்கூட பல ஆண்டுகள் மைக்ரோசாஃப்டே எழுதிக்கொடுத்து வந்தது.

யோசித்துப் பாருங்கள். உலகின் மிகப்பெரிய மென்பொருள் நிறுவனம், பிறருடைய ஆப்களைத் தானே எழுதித் தரும் நிலைக்கு வந்துவிட்டது. அப்படியும் பத்தவில்லை.

2015 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பில்ட் மாநாட்டில் மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய அறிவிப்பு செய்தது. ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் எழுதிய ஆப்களை விண்டோஸ் 10-க்குக் கொண்டுவர இரண்டு பாலங்கள். ஐபோன் ஆப்களுக்கானது ‘ஐலண்ட்வுட்’, ஆண்ட்ராய்டுக்கானது ‘அஸ்டோரியா’.

இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஐலண்ட்வுட்டில், ஐபோனுக்காக எழுதிய புரோகிராமை எழுதியவரே எடுத்து, விண்டோஸுக்கு ஏற்றபடி திருத்தி, மறுபடி தயாரிக்க வேண்டும். வேலை இருக்கிறது, ஆனால் புதிதாக எழுதுவதைவிடக் குறைவு. கேண்டி க்ரஷ் சாகா இந்த வழியில் வந்ததாக அப்போது சொன்னார்கள். அஸ்டோரியா அப்படி இல்லை. போனுக்குள்ளேயே ஒரு குட்டி ஆண்ட்ராய்டை உட்கார வைப்பது. ஆண்ட்ராய்டு ஆப் தன் சொந்த வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஓடும்.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! கடையில் நின்று போன் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டுமா?

ஆனால் அஸ்டோரியா பொதுமக்கள் கைக்கு வந்து சேரவே இல்லை. சோதனைப் பதிப்பில் அது இருந்த லூமியாக்கள் நாள் போகப் போக மந்தமாகின்றன என்று பயன்படுத்தியவர்கள் புகார் சொன்னார்கள். ஒரு போன் இரண்டு சிஸ்டத்தைச் சுமந்தால் வேறென்ன ஆகும்? 2016 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இரண்டு பாலங்கள் இருப்பது தேவையில்லாத குழப்பம் என்று ஆப் எழுதுபவர்கள் கருதியதாகக் காரணம் சொன்னது.

அதற்குள் எல்லாம் கை மீறிப் போயிருந்தது. 2015 ஜூலையிலேயே, நோக்கியா போன் தொழிலை வாங்கிய வகையில் 760 கோடி டாலரை மைக்ரோசாஃப்ட் நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1 அன்றே மூடப்பட்டிருந்தது. வரி வழக்கு காரணமாக அந்த ஆலை மைக்ரோசாஃப்டுக்குக் கை மாறவில்லை. ஒப்பந்த முறையில் கொஞ்ச காலம் போன் செய்து கொடுத்தது, பிறகு அந்த ஒப்பந்தமும் நின்றது. ஆப் இல்லாததால்தான் ஆலை மூடியது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு போன் சிஸ்டம் தோற்றால் அந்தத் தோல்வி எவ்வளவு தூரம் வந்து யார் வீட்டு அடுப்பைத் தொடும் என்பதை மட்டும் நாம் மறக்கக்கூடாது.

இன்னொரு கதை பிளாக்பெர்ரி. அங்கே பாலம் கட்டி முடித்தார்கள், ஆப்களும் ஓடின. அதனால் நமக்குப் பாடம் அங்கேதான் அதிகம்.

ஒரு காலத்தில் ஆபீஸில் பெரிய பதவியில் இருப்பவர்கள் கையில் மட்டும் இருந்த போன் அது. 2013 ஜனவரி 30 அன்று பிளாக்பெர்ரி 10 என்ற புது சிஸ்டத்தை அறிமுகம் செய்தார்கள். அடுத்த மாதமே இசட்10 இந்தியாவுக்கு வந்தது, விலை 43,490 ரூபாய். ஆப் எழுதுபவர்களை இழுக்க அந்த நிறுவனம் செய்யாதது இல்லை. தரச் சான்று பெற்ற ஆப் முதல் ஆண்டில் 1,000 டாலர் சம்பாதித்தால், அதை 10,000 டாலராக நாங்கள் ஆக்கித் தருகிறோம் என்றது. வார இறுதியில் மராத்தான் போல நிகழ்ச்சி வைத்து, ஆண்ட்ராய்டு ஆப்களை மாற்றிக் கொண்டுவருபவர்களுக்கு ஆப் கணக்கில் பணம் கொடுத்தது. ஆயிரக்கணக்கில் ஆப் குவிந்தன. அறிமுக நாளில் 70,000 ஆப் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

அந்த எண்ணிக்கையில் பெரிய பங்கு ஆண்ட்ராய்டிலிருந்து அப்படியே வந்தவை. கையில் எடுத்துப் பயன்படுத்தினால் வித்தியாசம் உடனே தெரியும்.

க்யூ10 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பொத்தான் கீபோர்டு, மேலே 720-க்கு 720 என்று சரிசதுரத் திரை. ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் நீளத் திரையை நினைத்து எழுதப்பட்டவை. சதுரத்தில் திறந்தால் கீழே இருக்க வேண்டிய ‘ஓகே’ பட்டன் சில ஆப்களில் திரைக்குள் அடங்காது. ஆண்ட்ராய்டு ஆப் ‘பேக்’ பட்டனை எதிர்பார்க்கும். பிளாக்பெர்ரி 10-ல் எல்லாமே விரலைத் தள்ளிச் செய்வதுதான். ஐகானைத் தொட்டால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு முதலில் விழித்துக்கொள்ள வேண்டும், அதன் பிறகே ஆப் திறக்கும். அந்தச் சில நொடிகள் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் காட்ட வேண்டிய நேரத்தில் எவ்வளவு நீளமாகத் தெரியும்!

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத ஒன்று இருந்தது, அது வெளியே தெரியாது. இன்றைய ஆண்ட்ராய்டு ஆப் தனியாக நிற்பதில்லை. மேப் காட்ட, செய்தி வந்ததும் ஒலி எழுப்ப, லாகின் செய்ய, பணம் கட்ட என்று பல வேலைகளுக்கு அது கூகுளின் ‘ப்ளே சர்வீசஸ்’ என்ற பகுதியைக் கூப்பிடும். அந்தப் பகுதி கூகுளுக்குச் சொந்தம், கூகுள் அனுமதித்த போனில்தான் இருக்கும். பிளாக்பெர்ரியில் இல்லை. விளைவு என்ன? கால் டாக்ஸி ஆப் திறக்கும், மேப் மட்டும் வெறும் சாம்பல் கட்டமாக நிற்கும். மெசேஜ் ஆப் ஓடும், மெசேஜ் வந்ததைச் சொல்லாது. பாதி ஆப்தான் கிடைக்கும்.

2014-ல் ஏபிகே எனப்படும் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பை நேரடியாகவே போனில் ஏற்றலாம் என்று வழி திறந்தார்கள். அதே ஆண்டு அமேசானின் ஆப்ஸ்டோரையும் போனுக்குள் வைத்தார்கள். ஆனால் உள்ளே இருந்த ஆண்ட்ராய்டு 4.3-லேயே நின்றுவிட்டது. வெளியே கூகுள் 5, 6 என்று போய்க்கொண்டிருந்தது. போட்டியாளர் வருடா வருடம் தன் வீட்டை மாற்றிக் கட்டுகிறார். இரவல் வாங்குபவர் ஒவ்வொரு முறையும் பின்னாலேயே ஓட வேண்டும், ஒருபோதும் முந்த முடியாது. 2015 இறுதியில் வந்த ப்ரிவ் மாடலில் பிளாக்பெர்ரியே ஆண்ட்ராய்டுக்கு மாறியது. ஆண்ட்ராய்டு ஆப் ஓடும் என்று சொன்ன போனைவிட ஆண்ட்ராய்டு போனே மேல் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

வாடகைப் பாத்திரத்தில் கல்யாணம் நடத்தலாம். குடும்பம் நடத்த முடியுமா?

ஆப் எழுதுபவர் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு சாஃப்ட்வேர் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூல் பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஆப் அவர்களுடையது. ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் பராமரிக்கவே கை போதவில்லை. அப்போது மூன்றாவது சிஸ்டம் வந்து, “உங்க ஆண்ட்ராய்டு ஆப் எங்க போன்லயும் ஓடும்” என்கிறது. நல்லது என்று விட்டுவிடுவார்கள். தனியாக எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். பழுது வந்தால் சரி செய்வார்களா? அந்த போனை வைத்திருப்பது நூறில் ஒரு பெற்றோர் என்றால் அதற்கும் நேரம் இருக்காது. அவர்கள் மேல் தப்பே சொல்ல முடியாது.

இது போனுக்கு முன்பே நடந்த கதைதான். 1992-ல் ஐபிஎம் நிறுவனம் ஓஎஸ்/2 என்ற கம்ப்யூட்டர் சிஸ்டத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. விண்டோஸ் புரோகிராம்களை விண்டோஸைவிட நன்றாக ஓட்டுவோம் என்பது அதன் பெருமை. உண்மையிலேயே நன்றாக ஓட்டியது. அதனால் ஓஎஸ்/2-க்கென்று தனியாக எழுத மென்பொருள் நிறுவனங்களுக்குக் காரணம் குறைந்தது. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டிலும் விற்கலாமே! வாங்குபவர்களுக்கும், விண்டோஸ் புரோகிராம்தான் வேண்டும் என்றால் விண்டோஸே போதும் என்று ஆகிவிட்டது.

இன்னொரு பக்கம் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. தடுமாறும் நிறுவனங்கள் அடுத்தவர் ஆப்பை உள்ளே கொண்டுவந்த அதே சமயத்தில், தங்கள் நல்ல சரக்கை வெளியே அனுப்பிக்கொண்டும் இருந்தன. பிளாக்பெர்ரியை மக்கள் வாங்க ஒரு பெரிய காரணம் பிபிஎம் மெசஞ்சர். 2013 அக்டோபரில் அதை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்தார்கள். முதல் நாளே ஒரு கோடி பேர் இறக்கிக்கொண்டார்கள். 2014 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் மென்பொருளை ஐபேடுக்குக் கொடுத்தது. கம்பெனிக் கணக்கில் இவை சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் வாங்குபவர் பார்வையில், அந்த போனில் மட்டும் கிடைத்தது இப்போது எல்லா போனிலும் கிடைக்கிறது, எல்லா போனிலும் கிடைப்பது அந்த போனில் மட்டும் பாதிதான் கிடைக்கிறது. அதை எதற்கு வாங்குவது?

அப்படியானால் இந்த வழி எங்கேயும் பலித்ததே இல்லையா? பலித்திருக்கிறது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடையால் ஹுவாவே நிறுவனத்தின் புதிய போன்களுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்காமல் போயின. ஹார்மனிஓஎஸ் என்ற சொந்த சிஸ்டத்தை அவர்கள் 2021-ல் போன்களுக்குக் கொண்டுவந்தபோது, அதில் ஆண்ட்ராய்டு ஆப்களும் ஓடின. 2024 அக்டோபரில் வெளியிட்ட ஹார்மனிஓஎஸ் நெக்ஸ்ட் பதிப்பில் அந்த வசதியை எடுத்தேவிட்டார்கள். அதற்குள் ஆப் எழுதுபவர்கள் சொந்தமாக எழுதித் தர முன்வந்திருந்தார்கள். பாலத்தில் ஏறி, அக்கரை சேர்ந்ததும் பாலத்தை எடுத்துவிட்டார்கள்.

எப்படி முடிந்தது? சீனாவில் கூகுள் சேவைகள் ஏற்கெனவே கிடையாது. வீசாட்டும் அலிபேயும் கூகுளை நம்பி எழுதப்பட்டவை அல்ல. அதனால் பாதி ஆப் என்ற சிக்கல் அங்கே எழவில்லை. கோடிக்கணக்கான மக்கள் அந்த பிராண்டின் மேல் பற்றோடு இருந்தார்கள். அதே ஹுவாவே, ஐரோப்பாவில் கூகுள் இல்லாத போனை விற்கப் போனபோது சரிந்தது. அங்கே மக்களுக்குக் கூகுள் மேப்பும் யூடியூபும் பேங்க் ஆப்பும் வேண்டியிருந்தன. ஒரே கம்பெனி, ஒரே போன், இரண்டு ஊரில் இரண்டு தலைவிதி.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஜியோபோன். 2017-ல் 1,500 ரூபாய் திரும்பத் தரும் டெபாசிட்டில் வந்தது. பட்டன் போன். அதில் ஓடியது கைஓஎஸ். ஆண்ட்ராய்டு ஆப் எதுவும் ஓடாது, ஓடும் என்று யாரும் சொல்லவும் இல்லை. முதலில் அதில் வாட்ஸ்அப்பும் இல்லை. ஆனால் குறைந்த செலவில் 4ஜி கிடைத்தது, பேசுவதற்குத் தனிக் காசு இல்லை. வயல் வேலைக்குப் போகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர்கள் எல்லோர் கையிலும் அது போய்ச் சேர்ந்தது. ஒரே ஆண்டில் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் தானாகவே அந்த போனுக்கென்று தனி ஆப் எழுதிக் கொடுத்தது.

கவனியுங்கள், மக்கள் முதலில் போனார்கள், ஆப் பின்னால் வந்தது. இதற்கு நேர் எதிர் சாம்சங்கின் டைசன் போன். 2015 ஜனவரியில் இந்தியாவில் 5,700 ரூபாய்க்கு இசட்1 என்ற மாடல் வந்தது. ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட வைக்கும் தனி மென்பொருளை ஏற்றினால்தான் அதில் வாட்ஸ்அப் வரும். சாம்சங் என்ற பெயர் இருந்தும் டைசன் போன்கள் நம் ஊரில் நிலைக்கவில்லை. ஏன் அதை வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு விலையைத் தவிர வேறு பதில் இல்லை, அந்த விலைக்கு ஆண்ட்ராய்டே கிடைத்தது.

ஜியோபோனின் கதையும் அங்கேயே முடியவில்லை. மக்கள் மெல்ல ஆண்ட்ராய்டுக்கு நகர்ந்தார்கள். 2024-ல் கைஓஎஸ் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்வது நிறுத்தப்பட்டது. ஆப் நிறுவனங்களுக்கு நம் மேல் பாசமும் இல்லை, பகையும் இல்லை. ஆட்கள் இருக்கும் இடத்தில் அவை இருக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்பத்துக்கு எத்தனை ஆப் தேவை? கடையில் லட்சக்கணக்கில் ஆப் என்று சொன்னாலும் நாம் தினமும் தொடுவது ஏழெட்டுத்தான். வாட்ஸ்அப், யூடியூப், பேங்க், யுபிஐ, ஈபி பில், பிள்ளையின் ஸ்கூல் ஆப், கேஸ் புக்கிங், ரயில் டிக்கெட். இந்த எட்டில் ஒன்று மக்கர் செய்தாலும் அன்றாடம் தடுமாறுகிறது.

அதில் பணம் சம்பந்தப்பட்டவைதான் இரவல் வழியில் முதலில் மக்கர் செய்பவை. யுபிஐ ஆப்பில் நாம் பதிவு செய்யும்போது அது நம் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, இந்த நம்பர் இந்த போனில்தான் இருக்கிறதா என்று சோதிக்கிறது. பேங்க் ஆப்கள், தாம் ஓடும் சிஸ்டம் மாற்றப்படாத, நம்பத்தகுந்த சிஸ்டம்தானா என்று பார்க்கின்றன. சந்தேகம் வந்தால் திறக்க மறுத்துவிடும். மறுப்பது நம் பணத்தைக் காக்கத்தான், அது சரியும்கூட. ஆனால் ஒரு சிஸ்டத்துக்குள் இன்னொரு சிஸ்டமாக ஒண்டிக்கொண்டிருக்கும் ஆப்புக்கு இந்தப் பரீட்சையில் தேறுவது கஷ்டம்.

பணமதிப்பிழப்பு முடிந்த கையோடு, 2016 டிசம்பர் 30 அன்று பீம் ஆப் வந்தது ஞாபகம் இருக்கிறதா? முதலில் ஆண்ட்ராய்டு, அடுத்த சில வாரங்களில் ஐபோன். விண்டோஸ் போன் வைத்திருந்தவர்கள் காத்திருந்ததுதான் மிச்சம். மளிகைக்கடை அண்ணாச்சி வரைக்கும் க்யூஆர் அட்டை மாட்டிய காலத்தில், அந்த போனை யார் வைத்துக்கொள்வார்கள்?

அதே நேரத்தில் ஃபேஸ்புக், தன் ஐபோன் ஆப்பையே மாற்றி விண்டோஸ் 10 மொபைலுக்குக் கொடுத்தது. அது கனமாக இருந்தது. 2017-ல் அதற்குக் குறைந்தது 2 ஜிபி ராம் வேண்டும் என்று ஆனது. 512 எம்பி, 1 ஜிபி லூமியா வைத்திருந்த நம்மைப் போன்றவர்களுக்கு அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. விலை மலிவான போனை வாங்கும் குடும்பத்தின் கையில்தான் இரவல் ஆப் முதலில் உடையும். இது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம்.

விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31 அன்று நின்றது. அதில் இருந்த உரையாடல்களின் பேக்கப் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் இருந்தது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தேடுவது கூகுள் டிரைவில். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக நேர் வழி இல்லை. நம் வீடுகளில் வாட்ஸ்அப் என்பது வெறும் மெசேஜ் இல்லையே. இறந்துபோன தாத்தாவின் வாய்ஸ் மெசேஜ் இருக்கும், வெளிநாட்டில் இருக்கும் பேத்தி முதல் முறை நடந்த வீடியோ இருக்கும். ஒரு சிஸ்டம் மூடப்படும்போது அதை எந்தக் கம்பெனியும் நஷ்டக் கணக்கில் எழுதுவதில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஸ்டோரில் ஆப் இல்லாதபோது மக்கள் என்ன செய்வார்கள்? தெரிந்த பையனிடம் கேட்டு எங்கிருந்தோ ஏபிகே இறக்கிப் போடுவார்கள். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றிப் போலீஸே எச்சரிக்கை விட்டிருக்கிறது. ஏபிகேயை இறக்கிப் போடுவது சகஜம் என்று ஒரு குடும்பம் பழகிவிட்டால், நல்லது எது கெட்டது எது என்று பிரித்துப் பார்க்க வீட்டுப் பெரியவர்களால் முடியுமா? “ஏபிகே போட்டு ஓட்டிக்கலாம்” என்று சொல்லி விற்கப்படும் எந்த போனையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவ்வளவும் சொன்னதால் புது முயற்சிகளே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியின் பிரவர்தக் அமைப்பின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் பார்ஓஎஸ் என்ற போன் சிஸ்டத்தை முன்வைத்தபோது பலரும் பெருமைப்பட்டார்கள், நானும்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் இதில் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஆண்ட்ராய்டு ஆப் ஓடுமா என்பதல்ல. ஆண்ட்ராய்டு போன் கொடுக்காத எதை இது கொடுக்கிறது? ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்குப் பாதுகாப்பு என்றால் அது உண்மையான காரணம், அந்த இடத்தில் இது வேரூன்றலாம். நம் வீட்டுக்கு வர வேண்டும் என்றால் நம் பேங்குகளும் ரயில்வேயும் மின்வாரியமும் அதற்கென்று ஆப் எழுதிப் பராமரிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு உண்மையிலேயே உள்நாட்டு சிஸ்டம் வேண்டும் என்று நினைத்தால், இந்த ஏழெட்டு ஆப்களை முதலில் உறுதி செய்து தரட்டும். மற்றவை பின்னால் வரும்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். டிராயரில் பழைய லூமியாவோ பிளாக்பெர்ரியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டு, கேபிள் மாட்டி, அதில் இருக்கும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள், சர்வீஸ் கடையில் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.

புது சிஸ்டத்தில் போன் வாங்கப் போனால், உங்கள் பேங்க்கின் பெயரைச் சொல்லி அந்த ஆப்பை அந்த போனின் சொந்த ஸ்டோரிலிருந்தே இறக்கித் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆப்பை வெளியிட்டது பேங்க்தானா, கடைசியாக எப்போது அப்டேட் செய்திருக்கிறார்கள் என்று ஸ்டோரிலேயே எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். “அது சீக்கிரம் வந்துடும்” என்று பதில் வந்தால், வந்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்